பழைய படகு இன்ஜின் மூச்சு வாங்குகிறதா?

சுங்கை பாக்காப்பிலிருந்து நிபோங் திபால் போய், கிரியான் ஆற்றில் பழைய டீசல் படகை இறக்குபவரா? கிளம்பும் முன் இதைப் பாருங்கள்:

• இன்ஜின் சூடானதும், மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் மூடியைக் கழற்றி அதே வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகை குபுகுபுவென வந்தால், எரிந்த வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். சூடான எண்ணெய் தெறிக்கும். முகத்தைத் தள்ளியே வையுங்கள்.

• உடனே இன்ஜினைப் பிரிக்காதீர்கள். ப்ரீதர் குழாய் அடைத்திருந்தாலும் அழுத்தம் ஏறி, சீல் வழியே எண்ணெய் கசியும். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

• பிறகும் புகை நிற்காவிட்டால், மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் கோளாறு அங்கே. எல்லாவற்றிலும் குறைந்தால் மொத்தத் தேய்மானம்.

• எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கும். படகை எடுக்காதீர்கள்.