உண்ண மறந்ததும் உண்டதை மறந்ததும்

நுழையும்முன்

மொழிபெயர்ப்பில் பிழை நேர்வதற்கு அருஞ்சொற்களே காரணம் என்று கருதுவோர் பலர். அருஞ்சொல்லின் பொருளை அகராதி காட்டிவிடும். நன்கு அறிந்த வினைச்சொல் ஒன்று தன் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டு வரும்போது, அகராதியால் உதவ இயலாது. இலக்கண அறிவே வழிகாட்டும்.

முதியவர் ஒருவரை நாள்தோறும் கவனித்துக்கொள்ளும் செவிலியர், மருத்துவருக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுவதாகக் கொள்வோம். 'ஹி டிட் நாட் ரிமெம்பர் டு டேக் த டேப்லெட்' என்று எழுதினால், முதியவர் மாத்திரை உண்ண மறந்துவிட்டார். அதை இனிமேல்தான் உண்ண வேண்டும். 'ஹி டிட் நாட் ரிமெம்பர் டேக்கிங் த டேப்லெட்' என்று எழுதினால், அவர் மாத்திரையை உண்டுவிட்டார். உண்டது நினைவில் இல்லை. இந்நிலையில் மீண்டும் ஒரு மாத்திரை கொடுத்தால் தீங்கு நேரலாம்.

இவ்விரு தொடர்களையும் 'அவர் மாத்திரை உண்பதை மறந்துவிட்டார்' என்று ஒன்றுபோல் மொழிபெயர்த்தால் வேறுபாடு மறைந்துவிடும். படிப்பவர் மாத்திரை உண்ணப்படவில்லை என்றே கொள்வார்.

இரு வடிவங்கள்

ஆங்கிலத்தில் வினையடிக்கு முன் 'டு' சேர்ந்து வருவது இன்ஃபினிட்டிவ். வினையடியோடு 'இங்' சேர்ந்து பெயராக நிற்பது ஜெரண்ட். தமிழில் முன்னதற்கு நெருக்கமானது 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் (உண்ண, படிக்க). பின்னதற்கு நெருக்கமானது தொழிற்பெயர் (உண்ணல், படித்தல்). எனினும் இவை எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று ஈடாக வருவதில்லை. இதனைப் பின்வரும் மூவகை வினைகளால் அறியலாம்.

1. ஒரு வடிவத்தை மட்டும் ஏற்பவை

'வான்ட்', 'டிசைட்', 'ஹோப்' ஆகிய வினைகள் 'டு' வடிவத்தை ஏற்கும். 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' ஆகியவை 'இங்' வடிவத்தை ஏற்கும். தமிழில் இவை 'படிக்க விரும்புகிறாள்', 'செல்ல முடிவு செய்தாள்', 'படிப்பதில் மகிழ்கிறாள்', 'பேசுவதைத் தவிர்த்தாள்' என அமையும். ஆனால், 'ஃபினிஷ்ட் ரைட்டிங்' என்பது தமிழில் 'எழுதி முடித்தாள்' என வரும். இங்குத் தொழிற்பெயரும் இல்லை. 'செய' எச்சமும் இல்லை. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சமே வந்துள்ளது. சொல்லுக்குச் சொல் மாற்றுவது மொழிபெயர்ப்பு ஆகாது என்பதற்கு இது சான்று.

2. இரண்டையும் ஏற்று, பொருள் பெரிதும் மாறாதவை

'ஸ்டார்ட்', 'பிகின்' ஆகியவை இவ்வகையின. 'இட் ஸ்டார்டட் டு ரெயின்', 'இட் ஸ்டார்டட் ரெயினிங்' ஆகிய இரண்டையும் 'மழை பெய்யத் தொடங்கியது' என்றே எழுதலாம்.

3. இரண்டையும் ஏற்று, பொருள் மாறுபவை

மொழிபெயர்ப்பாளர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இது. 'ரிமெம்பர்', 'ஃபர்கெட்', 'ரிக்ரெட்' ஆகியவற்றின்பின் வரும் 'இங்' வடிவம் முன்பே நிகழ்ந்த செயலைச் சுட்டும். 'டு' வடிவம் அதற்குப்பின் செய்ய வேண்டிய அல்லது செய்யவிருக்கும் செயலைச் சுட்டும். 'ஐ ரிக்ரெட் சேயிங் திஸ்' என்பவர், தாம் முன்பு சொன்னதற்காக வருந்துகிறார். 'ஐ ரிக்ரெட் டு சே திஸ்' என்பவர், இனிச் சொல்லவிருப்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறார். அலுவலகக் கடிதத்தில் இவ்விரண்டும் இடம்மாறினால், முடிவைத் தெரிவிக்கும் கடிதம் மன்னிப்புக் கடிதமாகிவிடும்.

'ஸ்டாப்' என்னும் வினையின் நிலை வேறு. 'ஹி ஸ்டாப்டு டாக்கிங்' என்றால் பேசுவதை நிறுத்தினார். 'ஹி ஸ்டாப்டு டு டாக்' என்றால் பேசுவதற்காக நின்றார். முதல் தொடரில் பேச்சு முடிகிறது. இரண்டாவதில் பேச்சு அவர் நின்றதன் நோக்கமாகிறது.

தமிழின் வழி

தல், அல் முதலிய விகுதிகளைப் பெற்ற தொழிற்பெயர்கள் காலம் காட்டுவதில்லை. ஆயினும், 'உண்டது', 'உண்பது' எனக் காலம் காட்டும் வடிவங்களும் இன்றைய வழக்கில் செயலின் பெயராக வருகின்றன. ஆங்கிலம் 'டு', 'இங்' என்னும் வடிவங்களால் உணர்த்தும் வேறுபாட்டை, 'உண்ண மறந்தார்' என எச்சத்தாலும், 'உண்டதை மறந்தார்' என இறந்தகாலப் பெயராலும் தமிழ் தெளிவாக உணர்த்தும். ஆகவே, இத்தகைய தொடரைக் கண்டதும், 'செயல் நிகழ்ந்துவிட்டதா, இனி நிகழ வேண்டியதா?' என்று முதலில் வினவ வேண்டும். அதற்கான விடையே தமிழ் வடிவத்தைத் தீர்மானிக்கும். எல்லா இடத்திலும் '-வதை' என்று எழுதிச் செல்வது எளிது. ஆனால், மூலம் தெளிவாகச் சொன்னதை அது மங்கலாக்கிவிடும்.

தெரிந்து தெளிவோம்

'டு' வரும் இடமெல்லாம் இன்ஃபினிட்டிவ் அன்று. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு சீயிங் யூ' என்பதில் 'டு' முன்னிடைச்சொல். ஆதலால் அதன்பின் 'இங்' வடிவம் வந்தது. 'உங்களைக் காண ஆவலுடன் காத்திருக்கிறேன்' என இதனைத் தமிழில் எழுதலாம். ஆங்கிலத்தில் ஜெரண்ட் வந்த இடத்தில் தமிழில் 'செய' எச்சம் வந்துள்ளதைக் காண்க.

கற்பவை கற்றபின்

1. 'கதவைப் பூட்ட மறந்தாள்', 'கதவைப் பூட்டியதை மறந்தாள்' – இத்தொடர்களின் பொருள் வேறுபாட்டை விளக்குக.

2. 'ஷி ஸ்டாப்டு டு ரீட் த நோட்டீஸ்', 'ஷி ஸ்டாப்டு ரீடிங் த நோட்டீஸ்' – தமிழில் மொழிபெயர்க்க.

3. மருந்து உண்ணும் முறையைக் கூறும் ஆங்கில அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கி, ஐயத்திற்கு இடமுள்ள தொடர்களை வகுப்பில் கலந்துரையாடித் திருத்துக.