எங்கள் மின்சாரம் எங்கே போயிற்று?

(பத்தாம் வகுப்பு மாணவி, எண்ணூர்)



எண்ணூரில் வாழும் நமக்கு மின்சாரம் அயலார் வீட்டுப் பொருள் அன்று. 1970ஆம் ஆண்டு முதல் 1975ஆம் ஆண்டிற்குள் ஐந்து அலகுகளாக எழுந்து, 450 மெகாவாட் திறனுடன் இயங்கிய அனல் மின் நிலையம் நம் ஊரின் அடையாளமாய் விளங்கியது. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தோடு அது ஓய்ந்துவிட்டது. ஆயினும் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் இயங்கி வருகிறது. இப்படி மின்சாரத்தின் அருகிலேயே வாழ்ந்தும், ஒரு யூனிட் என்றால் என்ன என்பதை எங்கள் வீட்டுக்கு ஒரு துன்பம் வந்த பிறகுதான் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 240 யூனிட் செலவாகும். சென்ற கோடையில் ஒருமுறை 424 யூனிட் என்று கணக்கு வந்தது. யூனிட் இருமடங்குகூட ஆகவில்லை. கட்டணமோ ஏறக்குறைய மூன்று மடங்கு! காரணம் எளிது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அப்போது முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை கூடும். ஆகவே கடைசியில் ஏறும் யூனிட்டுகளே நம் பையை அதிகம் கடிக்கின்றன.

எங்கள் பின்கட்டில் ஓர் அக்கா குடியிருக்கிறார். அவருக்கும் எங்கள் மீட்டரிலிருந்தே மின்சாரம் செல்கிறது. அவர் அப்போதுதான் புதிதாக ஒரு கிரைண்டர் வாங்கியிருந்தார். "வேறென்ன, அந்தக் கிரைண்டர்தான்!" என்றார் அம்மா. அன்று முதல் அக்காவிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அக்காவும் கலங்கிய கண்களோடு, "வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்று கூறிவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. கிரைண்டரின் அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். 150 வாட் என்றிருந்தது. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அக்கா நாள்தோறும் அரை மணி நேரம் அரைத்தாலும் 75 வாட் மணிதான். 60 நாளைக்கு நாலரை யூனிட். கூடுதலாய் வந்ததோ 180 யூனிட்டுக்கு மேல்! கணக்கு அக்காவின் பக்கம் நின்றது. அப்படியானால் மின்சாரம் எங்கே போயிற்று?

அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். "யாரையும் சந்தேகிக்கும் முன் மீட்டரைக் கேள். அது பொய் சொல்லாது" என்று கூறி வழியும் சொல்லிக் கொடுத்தார். அதன்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் சோதனையில் இறங்கினோம்.

முதலில் மீட்டரில் உள்ள எண்ணையும் கட்டணச் சீட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டோம். தவறு ஏதும் இல்லை.

இரண்டாவதாக, எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டிலும் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பிரிட்ஜின் பிளக்கையும் கழற்றிவிட்டோம். இப்போது மீட்டரில் உள்ள சிவப்பு விளக்கு மின்னாமல் இருக்க வேண்டும். ஆனால் அது மின்னிக்கொண்டே இருந்தது! கடிகாரத்தைப் பார்த்தேன். 9 விநாடிக்கு ஒருமுறை மின்னியது.

மீட்டரின் முகப்பில் 3200 என்று அச்சிடப்பட்டிருந்தது. 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்பது அதன் பொருள். 9 விநாடிக்கு ஒருமுறை என்றால் ஒரு மணிக்கு 400 முறை; அதாவது ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 3 யூனிட். 60 நாளைக்கு 180 யூனிட்! காணாமற்போன கணக்கு கண்முன்னே வந்து நின்றது.

மூன்றாவதாக, அப்பா மெயின் சுவிட்சை அணைத்தார். மின்னுவது நின்றது. ஆகவே மீட்டரில் பழுதில்லை. வீட்டுக்குள்தான் எங்கோ மின்சாரம் போகிறது.

நான்காவதாக, ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்து, ஒரு பியூஸ் கட்டையைக் கழற்றி, மீண்டும் மெயினைப் போட்டுப் பார்த்தார். பின்கட்டுப் பியூசைக் கழற்றியபோது மாற்றம் இல்லை. கூடத்துப் பியூசுக்கும் சமையலறைப் பியூசுக்கும் மாற்றம் இல்லை. தண்ணீர் மோட்டாரின் பியூசைக் கழற்றியதும் விளக்கு அடங்கியது.

மோட்டார் சுவிட்ச் அணைந்துதானே இருந்தது? இந்தப் புதிரை மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் விடுவித்தார். சுவிட்சைப் பேஸ் கம்பியில் வைப்பதற்குப் பதிலாக நியூட்ரல் கம்பியில் வைத்து யாரோ இணைத்திருக்கிறார்கள். அதனால் சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் வரை மின்சாரம் வந்து நின்றது. ஆழ்குழாய்க்குள் இறங்கும் கேபிளின் உறை தேய்ந்து, கம்பி இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து இரவும் பகலும் ஈர மண்ணுக்குள் மின்சாரம் வடிந்தது.

அப்போதுதான் எங்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "குழாயைத் தொட்டால் கை சுள்ளென்கிறது" என்று என் தம்பி இரண்டு முறை சொல்லியிருந்தான். குளிக்காமல் இருக்கச் சாக்குச் சொல்கிறான் என்று நாங்கள் சிரித்தோம். அம்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

தோழியரே, இதிலுள்ள பாடத்தைக் கவனியுங்கள். 125 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் அரை ஆம்பியருக்குச் சற்றே அதிகம். மோட்டாரின் பியூஸ் 15 ஆம்பியரைத் தாங்குவது. இவ்வளவு சிறிய கசிவுக்கு அது உருகாது. ஆனால் மனித உயிரைப் பறிக்க இதில் ஒரு சிறு பகுதியே போதும். மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவியோ 0.03 ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போது அதைப் பொருத்திவிட்டோம், கேபிளையும் மாற்றினோம். பியூஸ் வீட்டைக் காக்கும். இக்கருவி ஆளைக் காக்கும்.

எல்லா வீடுகளிலும் காரணம் இதுவாகவே இருக்காது. பிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்தால் அது ஓயாமல் ஓடும். மேல் தொட்டி ஒழுகினால் மோட்டார் அதிக நேரம் ஓடும். வெந்நீர் ஹீட்டரை அணைக்க மறந்தாலும் யூனிட் ஏறும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் மின்னுகிறதா என்பதே முதற் கேள்வி. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எண்ணுவதும் கணக்கிடுவதும் நம் வேலை. பியூசையும் கம்பியையும் தொடுவது விவரம் அறிந்த பெரியவர்களின் வேலை.

இன்னொரு கணக்கும் உண்டு. அனல் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. எங்கள் வீட்டு மண்ணில் வடிந்த 180 யூனிட் 90 கிலோவுக்கும் அதிகமான நிலக்கரியாகும். அதன் சாம்பல் எங்கே சேரும்? கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பலைக் கண்ட நமக்கு யாரும் விடை சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலை அம்மா பின்கட்டுக்குச் சென்று, "என்னை மன்னித்துவிடம்மா. தீர விசாரிக்காமல் பேசிவிட்டேன்" என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று, புதுக் கிரைண்டரில் அரைத்த மாவில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து தந்தார். மறுநாள் காலை எங்கள் வீட்டில் இட்லி. அக்கா வேறு வீடு பார்க்கவில்லை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். விசாரிக்க வேண்டியவற்றுள் மீட்டரையும் சேர்த்துக்கொள்வோம்!