கல்லால் ஆன தோட்டம்

தோட்டம் என்றவுடன் உங்கள் மனக்கண்முன் இரப்பர் மரங்களும் செம்பனையும் அன்றோ தோன்றும்? மரமும் மலரும் இன்றி, ஒரு துளி நீரும் இன்றி ஒரு தோட்டம் உண்டென்றால் நம்புவீர்களா? அத்தகைய ஒன்றை ஜப்பான் நாட்டுக் கியோத்தோ நகரில் நாங்கள் கண்டு வந்தோம்.

ரியோவான்ஜி என்பது அங்குள்ள பௌத்த ஆலயம். 1450ஆம் ஆண்டில் ஹொசொக்காவா கட்சுமோத்தோ என்னும் பிரபு இதனை நிறுவினார். பின்னர் மூண்ட ஓனின் போரில் எரியுண்டு, மீண்டும் எழுப்பப்பட்டது. இது ஜென் நெறியைச் சார்ந்தது. தியானம் என்று நாம் வழங்கும் வடசொல்லே சீனத்தின் வழிச் சென்று 'ஜென்' என உருமாறிற்று.

காலணிகளைக் கழற்றிவிட்டு மரத் திண்ணையில் அமர்ந்தோம். எதிரே ஏறத்தாழ 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள முற்றம். அதில் வெண்சரளை பரப்பி, வாரியினால் அலை அலையாகக் கோடிட்டுள்ளனர். இடையிடையே ஐந்து தொகுதிகளாகப் பாறைகள். அவற்றின் அடியில் படர்ந்துள்ள பாசி ஒன்றே பசுமை. பின்னால் உள்ள தாழ்ந்த மதிலின் மண்ணில் எண்ணெய் கலந்துள்ளதாம். அது காலப்போக்கில் கசிந்து, மதிலில் ஓவியம்போல் கறை படிந்திருக்கின்றது.

மொத்தம் 15 கற்கள் என்று முன்பே அறிந்திருந்தோம். வகுப்பறையில் தலை எண்ணிப் பழகிய எங்களால் எண்ணாமல் இருக்க இயலுமா? எண்ணினோம், பதினான்கே வந்தது! சற்றே நகர்ந்து அமர்ந்தோம். மறைந்திருந்த கல் வெளிப்பட்டது. முன்பு கண்ட ஒன்று மறைந்துகொண்டது. திண்ணையின் எப்பக்கம் சென்றும் பதினைந்தையும் ஒருசேரக் காணும் பேறு எங்களுக்குக் கிட்டவில்லை.

இதன் பொருள்தான் என்ன? புலி தன் குட்டிகளுடன் ஆற்றைக் கடக்கும் காட்சி என்பர் சிலர். கடல் நடுவே தீவுகள் என்பர் வேறு சிலர். அமைத்தவர் விளக்கம் எதுவும் விட்டுச் செல்லவில்லை. பொழிப்புரை சொல்லியே பழகிய ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது சற்றுச் சங்கடமாகவே இருந்தது.

அமைத்தவர் யார் என்பதிலும் அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. ஆயினும் ஒரு கல்லின் பின்புறத்தில் இருவர் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்று கோத்தாரோ, மற்றொன்றில் ஓரெழுத்துத் தேய்ந்துவிட்டது. அவர்கள் கல்லையும் மண்ணையும் சுமந்து உழைத்த எளிய தொழிலாளர்களாக இருக்கலாம் என்று கருதுகின்றனர். தோட்டப் பள்ளியில் பணியாற்றும் எங்களுக்கு அச்செய்தியை அறிந்தபின் எழுந்து வர மனம் வரவில்லை. அப்பெயர்களைக் காண விழைந்தோம். ஆனால் சரளையில் எவரும் கால் வைத்தலாகாது. திண்ணையிலிருந்து பார்த்தால் அக்கல்லின் முகப்பு மட்டுமே தெரிகின்றது.