பேண்டேஜ் துணியும் மார்கழி சாக்ஸும்

மார்கழி விடியலில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிள் மிதிக்கிறவர்கள் குல்லாவையும் ஸ்வெட்டரையும் யோசித்து எடுப்பார்கள். சாக்ஸ் விஷயத்தில் மட்டும் கைக்கு வந்ததுதான். யோசிக்கிற ஒரு சிலரும் 'குளிருக்குத் தடியா ஒண்ணு' என்று பருத்தியில் வாங்கிவிடுகிறார்கள். தடித்த பருத்தி சாக்ஸுக்குக் காசைக் கொட்டிய எரிச்சல் தீராதவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பெரிய தப்பு அதுதான்.

இது புரியாமல் போக இந்த வட்டாரத்துக்கு நியாயமே இல்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பருத்தி இழைமேல் இயல்பாகவே ஒரு மெழுகு உண்டு. அதைக் காரத்தில் வேகவைத்துப் போக்கினால்தான் துணி ஈரத்தை உறிஞ்சும். காயத்துக்கு வேண்டிய குணம் அது. சாயம் பிடிப்பதற்காக சாக்ஸ் பருத்திக்கும் ஏறக்குறைய இதே பக்குவம்தான் செய்கிறார்கள். அப்புறம் வியர்வையை மட்டும் அது விட்டுவைக்குமா? 1936-லிருந்து மில் ஓடுகிற ஊர் ராஜபாளையம். நூலை எடை போடும்போது பருத்திக்கு 8.5 சதவீத ஈரம் கணக்கு, பாலியஸ்டருக்கு 0.4 என்று மில்காரர்களுக்குத் தெரியும். சாக்ஸ் வாங்கும்போதுதான் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. தடிப்பான சாக்ஸ் கதகதப்பாக இருப்பது, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றால். அங்கே வியர்வை புகுந்தால், அசையாக் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துகிற தண்ணீரைக் காலில் கட்டிக்கொண்டு போவதாகத்தான் அர்த்தம். தடிமன் கூடினால் ஈரமும் கூடும். ஷூ இறுகி ரத்த ஓட்டம் மட்டுப்படும். நனைந்த தோல் உராய்ந்து கொப்புளிக்கும்.

'இங்கே என்ன பனிமலையா?' என்று கேட்பார்கள். இல்லைதான், அதனால்தான் சிக்கலே. மிதிக்கும்போது நன்றாக வியர்க்கும், நின்றதும் ஈரம் குளிர்ந்துவிடும். ஆண்டாள் கோயில் வாசலில் கழற்றிப் போட்ட ஈர சாக்ஸைத் தரிசனம் முடிந்து மறுபடி மாட்டிப் பாருங்கள், தெரியும். 'பால்காரர் செருப்போடுதானே போகிறார்?' என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. நனைந்த பருத்தியைவிட வெறுங்கால் மேல் என்பதற்கு அவரே சாட்சி, காற்றிலேயே உலர்ந்துவிடுகிறது. 'பாலியஸ்டர் நாறுமே' என்பதை மறுக்க மாட்டேன். நாறும், தினமும் துவைக்க வேண்டியதுதான். நாற்றமும் வேண்டாம், கதகதப்பும் வேண்டும் என்றால் மெரினோ கம்பளி இருக்கிறது. ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் சுருண்டு படுக்காத இழை அது. விலையைக் கேட்டால்தான் வியர்க்கும்.

ஆகவே பாலியஸ்டரோ நைலானோ பெரும்பங்கு உள்ள, கொஞ்சம் லைக்ரா கலந்த, கணுக்காலை மூடும் மெல்லிய சாக்ஸ் போதும். கடைக்காரர் 'சார், சுத்தமான காட்டன்' என்று பெருமையாக நீட்டுவார். வேட்டிக்கு அது பெருமை. லேபிளில் சதவீதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஷூவின் முன்பக்கம் வலைத்துணியாக இருந்தால், சாக்ஸை மாற்றுவதற்கு முன் அதன்மேல் வெளியிலிருந்து செல்லோடேப் ஒட்டிப் பாருங்கள். விரலில் அடிக்கிற காற்று அப்படித்தான் நிற்கும். இன்னொரு ஜோடியை பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள். கோயிலிலிருந்து வெளியே வந்ததும் மாட்ட வேண்டியது அதைத்தான்.