வீட்டு மொழியும் பள்ளி மொழியும்: சிங்கப்பூர்ப் பெற்றோரின் ஐயங்கள்

கேள்வி: தமிழ் மட்டும் பேசி வளரும் குழந்தை ஆங்கிலப் பயிற்றுமொழிப் பள்ளியில் பின்தங்கிவிடும் என்று அஞ்சிப் பல பெற்றோர் வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். இது சரியான முடிவுதானா?

பதில்: சரியான முடிவன்று. இரு மொழிகள் குழந்தையின் அறிவை மழுங்கடிக்கும் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சோதனைகள் பலவற்றில், வறிய குடியேறிகளின் பிள்ளைகள் தங்களுக்குச் சரிவரப் பழகாத மொழியிலேயே சோதிக்கப்பட்டு, வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடப்பட்டனர். 1962இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகியோர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பத்து வயதுப் பிள்ளைகளைக் குடும்பப் பின்னணியில் ஒத்தவர்களாகத் தேர்ந்து ஆராய்ந்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கு அறிந்தவர்கள் ஒருமொழிப் பிள்ளைகளை விடச் சிறந்து விளங்கினர். இரு மொழியிலும் தேர்ந்தவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதால் முடிவு அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்ற மறுப்பு பின்னர் எழுந்தது எனினும், இருமொழி வளர்ப்பு தீங்கானது என்ற பழைய கருத்து மீண்டும் தலைதூக்க இயலவில்லை.

வீட்டு மொழி பள்ளி மொழிக்குத் துணைநிற்கும் முறையைக் கனடியக் கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ் விளக்கினார். கதையை வரிசைப்படுத்திச் சொல்லுதல், காரணம் கூறுதல், பொருள்களை வகைப்படுத்துதல் முதலிய திறன்கள் ஏதேனும் ஒரு மொழியில் ஆழமாக அமைந்துவிட்டால், அடுத்த மொழிக்கும் அவை பயன்படும் என்பது அவர் கருத்து. புதிய மொழியில் அன்றாட உரையாடல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவந்தாலும், பாடநூலைப் புரிந்துகொள்ளவும் கட்டுரை எழுதவும் வேண்டிய கல்விமொழித் திறன் முதிர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்றும் அவர் காட்டினார். ஆகவே முதல் ஆண்டில் தென்படும் தயக்கத்தைத் தோல்வி என்று கொள்ளாமல், பெற்றோர் தாங்கள் வளமாகவும் இயல்பாகவும் பேசக்கூடிய மொழியிலேயே குழந்தையோடு நிறையப் பேசுவது நல்லது.

கேள்வி: ஒரே வாக்கியத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசுவது, குழந்தை குழம்பியிருப்பதன் அறிகுறியா?

பதில்: அன்று. “டீச்சர்கிட்ட புக்கைக் குடுத்தேன்”, “கலர் பண்ணினேன்” என்று கூறும் குழந்தை, ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ் வேற்றுமை உருபுகளை முறையாகச் சேர்க்கிறது. ஆங்கிலச் சொல்லொன்றைத் தமிழ் வினையாக்கப் ‘பண்ணு’ என்னும் துணைவினையைச் சரியான இடத்தில் அமைக்கிறது. தமிழ் இலக்கணம் மனத்தில் உறுதியாகப் பதிந்திராத குழந்தையால் இவ்வாறு பேச இயலாது. இருமொழிக் குழந்தையின் சொல்வளத்தை ஒரு மொழியில் மட்டும் அளந்தால் குறைவாகத் தோன்றக்கூடும் என்பதால், இரு மொழிச் சொற்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே அதை மதிப்பிட வேண்டும்.

கேள்வி: பள்ளியில் தாய்மொழிப் பாடம் கட்டாயமாக இருக்கும்போது, வீட்டில் தமிழ் பேசாவிட்டால் என்ன குறை?

பதில்: சிங்கப்பூரில் இரண்டாம் மொழிப் பாடம் 1960இல் தொடக்கப்பள்ளிகளிலும் 1966இல் உயர்நிலைப்பள்ளிகளிலும் கட்டாயமாக்கப்பட்டது, 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று. இந்த ஏற்பாட்டில் தமிழ் ஒரு பாடமாக உறுதியான இடம்பெற்றபோதிலும், வீட்டில் அதன் புழக்கம் குறைந்துவருகிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று கூறியோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடாகவும் 2020இல் 2.5 விழுக்காடாகவும் இருந்தனர். அதே காலத்தில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

தமிழில் இந்தக் குறை கூடுதலாக உறுத்துவதற்கு அதன் இரட்டை வழக்கு, அதாவது பேச்சுக்கும் எழுத்துக்கும் தனித்தனி வடிவம் இருப்பது, ஒரு காரணமாகும். வீட்டில் “வந்துகிட்டு இருக்காங்க” என்று கேட்டுப் பழகிய பிள்ளை “வந்துகொண்டிருக்கிறார்கள்” என்பதை எளிதில் இனங்காணும். கேட்டே அறியாத பிள்ளைக்கோ எழுத்துத் தமிழ் முற்றிலும் புதிய மொழியாகிவிடுகிறது. இதை உணர்ந்தே 2005இல் வெளியான தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. வகுப்பறை எவ்வளவு முயன்றாலும் வாரத்தில் சில மணிநேரமே அதற்குக் கிடைக்கிறது. எனவே உணவு வேளையிலும் உறங்கும் முன் சொல்லும் கதையிலும் பாட்டி தாத்தாவோடு பேசும் தொலைபேசி அழைப்பிலும் பேச்சுத்தமிழை, பிழை திருத்தி அச்சுறுத்தாமல், நாள்தோறும் புழங்கச் செய்வது பெற்றோரின் பொறுப்பாகும்.