எண்ணுக்குப் பெயர்: சி மொழியில் எண்ணுமுறைத் தரவினம்

கணிப்பொறி எண்ணையே அறியும். மனிதரோ பெயரையே நினைவிற் கொள்வர். இவ்விரண்டையும் இணைப்பது சி மொழியின் 'ஈநம்' எனப்படும் எண்ணுமுறைத் தரவினமாகும். 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர வரையறையில் இஃது இடம்பெற்றது.

தொல்காப்பியர் கூறும் வரிசையிலேயே முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நானிலங்களையும் அறிவிப்போம். வேறு மதிப்புத் தராவிடின் அவை முறையே 0, 1, 2, 3 என்னும் எண்களைப் பெறும். மாமல்லபுரக் கடற்கரைக்கு நெய்தல் என்றும், செங்கற்பட்டின் ஏரிப்பாசன வயலுக்கு மருதம் என்றும் எழுதினால், நிரலைப் படிப்போர் பொருளை உடனே உணர்வர். வெறுமனே 3 என்று எழுதினால் உணர்வரோ?

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பின்னாளில் நெய்தலுக்கு முன் பாலையைச் செருகினால், பாலை 3 ஆகும். நெய்தல் 4 ஆகும். கோப்பில் முன்பே 3 எனச் சேமித்த மாமல்லபுரம் பாலையாகிவிடும்! எனவே புதிய பெயரை இறுதியிற் சேர்த்தல் வேண்டும். அன்றேல் ஒவ்வொன்றற்கும் உரிய எண்ணைத் தொடக்கத்திலேயே வரையறுத்தல் வேண்டும்.

மேலும், பட்டியலில் இல்லாத 9 போன்ற எண்ணையும் சி மொழி தானே தடுப்பதில்லை. ஆதலின் உள்ளீட்டைச் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும். மாணவர்கள் நிரல் எழுதத் தொடங்குமுன் பெயர்ப்பட்டியலைச் செவ்வனே வகுத்துக்கொள்வார்களாக.