மீன்தொட்டி மூடிக்கு எந்தப் பலகை, எந்தப் பூச்சு?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்றடி மீன்தொட்டி இருக்கிறது. கௌராமி, கப்பி மீன்களோடு கொஞ்சம் குட்டி இறாலும் விட்டிருக்கிறோம். கடையில் விற்கும் விளக்கு மூடி எதுவும் தொட்டி அளவுக்குப் பொருந்தவில்லை. சமையலறை வேலைக்கு வந்த ஆசாரி, மீந்துபோன மரைன் பிளைவுட்டில் மூடி செய்து, கரையான் மருந்து அடித்து, பித்தளைக் கீல் போட்டு, எனாமல் பூசித் தருவதாகச் சொல்கிறார். உள்ளே பழைய டியூப் லைட்டையே மாட்டலாம் என்கிறார். "மூடிதானே, தண்ணியில படவா போகுது?" என்று கேட்கிறார். செய்யச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: கரையான் மருந்து மட்டும் வேண்டாம் என்று இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். கரையானுக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கலந்தாலே மீனைக் கொன்றுவிடும். இறாலுக்கு அதைவிடக் குறைவே போதும்.

மூடி தண்ணீரில் படாது என்பது பார்வைக்குத்தான். இரவில் அறை குளிர்ந்த பிறகும் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்து எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் முத்துமுத்தாகக் கோத்து, விளிம்பு வழியாக இறங்கி, மறுபடி தொட்டிக்குள்ளேயே சொட்டும். ஏற்கெனவே ஒரு பலகையையோ கண்ணாடியையோ மேலே போட்டு வைத்திருந்தால், காலையில் அதன் அடிப்பக்கத்தை விரலால் வருடிப் பாருங்கள். கை நனையும். ஆவியாகி வந்த நீர் என்பதால் அதில் உப்புச்சத்தே இருக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து லேசான புளிப்பும் ஏறியிருக்கும். அதனால் தொட்டித் தண்ணீரைவிட அது உலோகத்தை அதிகமாக அரிக்கும். ஆகவே மூடியின் உட்புறத்தில் இருக்கும் எந்தப் பொருளையும் தொட்டித் தண்ணீருக்குள் போட்ட பொருளாகவே நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் ஆசாரி நல்ல சரக்கைத்தான் சொல்கிறார், ஆனால் அது மரத்துக்கு நல்ல சரக்கு. மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 தரத்தின்படி, பூச்சியும் பூஞ்சையும் அண்டாதபடி மரப்பாதுகாப்பு மருந்து ஏற்றித்தான் அந்தப் பலகை வர வேண்டும். செம்பு கலந்த மருந்துகளும் அதில் சேர்த்தி. பூச்சியையும் பூஞ்சையையும் கொல்வதற்காக ஏற்றியது, சொட்டும் நீரோடு இறங்கினால் இறாலை விட்டுவைக்குமா?

நானாக இருந்தால் வெள்ளை பிவிசி ஃபோம் போர்டில் செய்யச் சொல்வேன். குளியலறைக் கதவுக்கும் சமையலறை அலமாரிக்கும் இப்போது போடுகிறார்களே, அதேதான். தண்ணீர் குடிக்காது, கரையான் தொடாது என்பதால் மருந்துக்கே வேலையில்லை. ஆசாரி தன் வழக்கமான ரம்பத்தாலேயே அறுத்துக்கொள்ளலாம். உட்புறம் வெள்ளையாக இருப்பதால் வெளிச்சத்தைத் தானே திருப்பி அனுப்பும், பெயின்ட் தேவையில்லை. குறை என்று பார்த்தால் இரண்டு. ஸ்குரூ மரத்தில் பிடிப்பதுபோல் இதில் பிடிக்காது. சூடு பட்டால் நீள வாட்டத்தில் தொய்யும். மூன்றடிக்கு நடுவில் ஒரு குறுக்குப் பட்டை கொடுத்துவிட்டால் போதும். மூலைகளைச் சிலிகான் வைத்து ஒட்டுங்கள். ஆனால் பூஞ்சை பிடிக்காது என்று போட்டு விற்கும் குளியலறைச் சிலிகானை வாங்காதீர்கள். அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிகான்தான் மீன்தொட்டி செய்பவர்களும் பயன்படுத்துவது. எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் தொடவே வேண்டாம். ஈரம் பட்டால் உப்பி உதிர்ந்துவிடும்.

பிளைவுட்டில்தான் செய்தாக வேண்டும் என்றால், உட்புறம் முழுக்க இரண்டு பாகம் கலந்து பூசும் நிறமற்ற எபாக்ஸி பூசுங்கள். தண்ணீர் நுழைவது பலகையின் முகப்பு வழியாக அல்ல, அறுத்த விளிம்பு வழியாகவும் ஸ்குரூ துளை வழியாகவும். அங்கே இரண்டு கோட் அதிகம் வேண்டும். கலவை விகிதம் பிசகினால் எபாக்ஸி பிசுபிசுவென்றே நின்றுவிடும். அப்படி நின்றால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள், மேலே இன்னொரு கோட் பூசி மறைக்காதீர்கள்.

எனாமலை வெளிப்புறத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பரணில் கிடக்கும் பழைய டப்பா வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெயின்டோ எபாக்ஸியோ, தொட்டால் ஒட்டவில்லை என்றவுடன் மூடியைத் தூக்கித் தொட்டிமேல் வைத்துவிடக் கூடாது. காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரமாவது கிடக்கட்டும், மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாக. பிறகு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் பிரித்ததும் மூக்கில் நெடி ஏறினால் இன்னும் காயவில்லை. உங்கள் வீட்டில் கௌராமி இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கௌராமியும் பைட்டர் மீனும் செவுளால் மட்டும் சுவாசிப்பவை அல்ல. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் தேங்கும் காற்றுதான் அவற்றின் மூச்சு.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. அந்த ஈரத்தில் சீக்கிரமே களிம்பேறும். மீன் தாங்கிக்கொள்ளும் அளவு செம்பை இறாலும் நத்தையும் தாங்காது, தண்ணீர் மென்னீராக இருந்தால் இன்னும் மோசம். நைலான் கீல் போடுங்கள். அதைவிட, கீலே இல்லாமல் இரண்டு துண்டாக எடுத்து வைக்கும்படி செய்தால் தொட்டி கழுவவும் சுலபம். ஸ்குரூ 304 எவர்சில்வராக இருக்கட்டும். காற்றுத் துளைக்கு ஜிஐ வலை அடிக்காதீர்கள், அதன் பூச்சும் துத்தநாகம்தான். நைலான் கொசுவலையே போதும். பின்பக்கம் இரண்டு அங்குலம் திறப்பு விட்டால் சூடும் ஈரமும் வெளியேறும்.

இத்தனைக்கும் மேல் ஒரு காரியம் செய்யுங்கள். மூடிக்குக் கீழே, தொட்டி விளிம்பில் 5 மி.மீ. கண்ணாடி ஒன்றை, விளிம்பு தேய்த்து, மூலை வெட்டி வைத்துவிடுங்கள். ஆவி பெரும்பாலும் கண்ணாடியிலேயே கோத்துத் தொட்டிக்குத் திரும்பிவிடும். பலகையும் விளக்கும் காய்ந்தே இருக்கும். தொட்டித் தண்ணீர் தெறித்துப் படியும் உப்புக் கறையை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், அவ்வளவுதான். அக்ரிலிக் தகடு போட்டால் ஒருபக்கம் ஈரம் குடித்து வளைந்துவிடும்.

பழைய டியூப் லைட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். மூடாத ஹோல்டரில் 230 வோல்ட் மின்சாரம், கொதிக்கும் சோக்கு, குழாய்க்குள் பாதரசம். எல்லாம் தண்ணீருக்கு நேர் மேலே. சிலிகான் உறைக்குள் வரும் ஐபி67 தர 12 வோல்ட் எல்இடி பட்டையை அலுமினியச் சட்டத்தில் ஒட்டி மாட்டுங்கள். சட்டம் சூட்டை வாங்கிக்கொள்வதால் ஃபோம் போர்டு தொய்யாது. உறையில்லாத மலிவுப் பட்டையில் செம்புத் தடம் வெளியே தெரியும். அதிலும் களிம்புதான் ஏறும். அடாப்டர் மூடிக்கு வெளியே, தொட்டியை விட்டுத் தள்ளி இருக்கட்டும். ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. அந்த இணைப்பு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வழியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, இல்லையென்றால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள்.